விற்பது அரசு! வீழ்வது வாலிபம்! வைத்தியத்திற்கு மட்டும் காப்பீடு கிடையாதா?



உங்கள் வீட்டு பீரோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு பாலிசி இருக்கும். ஏஜெண்ட் கொடுத்த அன்று உறையோடு வாங்கி வைத்ததுதான். பிரீமியம் மட்டும் வருடம் தவறாமல் கட்டியிருப்பீர்கள். இன்று இஷா தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் அதை எடுத்துப் பாருங்கள். சிரித்த முகங்கள் அச்சடித்த முன்பக்கங்கள் வேண்டாம். உள்ளே பொடி எழுத்தில் 'விலக்குகள்' என்றொரு பகுதி வரும். அதில் 12 என்ற எண்ணிட்ட விலக்கைத் தேடுங்கள். குடிப்பழக்கம், போதைப் பொருள் பழக்கம், வேறு எந்த அடிமைப் பழக்கம் என்றாலும் அதற்குரிய சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அதன் பின்விளைவுகளுக்கும் கிடையாது. அந்த ஆங்கில வரியின் சாரம் இதுதான்.

எந்தக் கம்பெனியின் பாலிசியை எடுத்தாலும் இதே எண், இதே வாசகம். காரணம், இதைக் கம்பெனிகள் தனித்தனியாக எழுதிக் கொள்ளவில்லை. காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்க மத்திய அரசு அமைத்த ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பர் 27 அன்று தானே வாசகம் எழுதி, தானே எண் போட்டு, கம்பெனிகளின் கையில் கொடுத்த ஆயுதம் இது!

மேய்ப்பனே வேலியைப் பிரித்துக் கொடுத்த கதை. இதைத்தான் நாம் இங்கே கேள்வி கேட்க வருகிறோம்.

"நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?"

இப்படிக் கேட்கும் பெரியவர்கள் உண்டு. மது நமக்கு ஹராம், முஸ்லிம் பத்திரிகையில் குடிகாரனின் வைத்தியச் செலவைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் ஒன்றைப் பணிவோடு கேட்கிறோம். சேலம் கோட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் நம் மஹல்லாக்களில் ஒரு வீட்டில் கூட இந்த நோய் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? பள்ளிக்கூடப் பையன்களின் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம். காலேஜ் பையன்களிடம் கஞ்சா. புற்றுநோய்க்காரர்களுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் கொடுக்க வேண்டிய வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக் கொள்ளும் கூட்டம் வேறு. அந்தக் கூட்டத்தில் நம் பெயருடைய பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

லாரி ஓட்டப் போனவன் ஊர் ஊராக இரவு விழித்துப் பழகிக் கொண்டு வருகிறான். ரிக் வண்டியில் வடநாடு போனவன் ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது வேறு ஆளாக வருகிறான். அத்தா கடையை அடகு வைக்கிறார். அம்மா நகையைக் கழற்றுகிறார். "பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான்" என்று ஜமாஅத்தில் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத ஏதோ ஒரு மையத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். மாதத்திற்கு இத்தனை ஆயிரம் என்று முன்பணமாகக் கறந்து விடுகிறார்கள். ரசீது கேட்டால் தரமாட்டார்கள்.

மறைப்பதால் மானம் தப்புகிறது என்று நினைக்கிறோம். கடைதான் கை மாறுகிறது.

கண்டிப்பது ஒரு வேலை, வைத்தியம் பார்ப்பது வேறு வேலை. விபச்சாரத்தை வெறுப்பதால் எய்ட்ஸ் நோயாளியைத் தெருவில் விடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும். போதையை ஒழிக்க மேடையில் முழங்குவோம். அதே நேரத்தில் விழுந்து கிடப்பவனுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை எவன் தட்டிப் பறித்தான் என்றும் கேட்போம்.

சேலத்துக்குச் சொந்தமான ஒரு தேதி

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலான நாள் அது. அமலான மாவட்டம் எது தெரியுமா? நம் சேலம் மாவட்டம்! இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று அதற்குள்தான் இருந்தது; 1997-ல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அன்று பிரதமர் என்று அழைக்கப்பட்ட ராஜாஜி, சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்தே 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தியவர். அவருடைய அரசியலில் நமக்கு எத்தனையோ மாறுபாடு உண்டு. ஆனால் கள்ளுக்கடையை முதலில் மூடிக் காட்டியது இந்த மண்ணில்தான் என்பதை மறுக்க முடியாது.

வியாபாரப் பெருமக்கள் இதற்கு அடுத்த பகுதியைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கள்ளு, சாராய வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப என்ன செய்தார்கள்? 1939-ல் விற்பனை வரிச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதாவது, குடியை மூடுவதற்கு விலையாக வியாபாரியின் தலையில் வைத்த சுமைதான் விற்பனை வரி. அன்றைய வியாபாரி முணுமுணுத்துக் கொண்டே கட்டினான், ஊர் நன்றாக இருக்கட்டும் என்று.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். சில ஆண்டுகளில் மீண்டும் மூடினார்கள். 1981-ல் மீண்டும் திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் கழகம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையே அரசு எடுத்துக் கொண்டது. கள்ளுக்கடைக்குப் பதிலாக வந்த விற்பனை வரி போனதா? போகவில்லை! வாட் என்று பெயர் மாறியது, 2017-ல் ஜி.எஸ்.டி. என்று வேஷம் மாறியது. கடையும் திறந்தாயிற்று, கடைக்குப் பதில் வந்த வரியும் நீடிக்கிறது. ஒரே மாட்டில் இரண்டு பக்கமும் கறக்கிறார்கள்.

2024-25-ம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 132 கோடி! இதில் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒதுக்கினால் கூட வருடத்திற்கு 480 கோடிக்கு மேல் வரும். அந்த ஒரு ரூபாய் எங்கே?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச் சாராயம் 65 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. உயிருக்குப் போராடிய பலரை நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். செத்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் செத்த பிறகு 10 லட்சம் கொடுக்க முடிகிற நாட்டில், சாகுமுன் அவனைத் திருத்தும் வைத்தியத்திற்குக் காப்பீட்டில் ஒரு ரூபாய் கூட கிடையாது என்றால், இது என்ன கணக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

இனி விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம். இளைஞர்கள் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக் கொள்ளலாம்.

2017-ல் நாடாளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவு, 4-வது உட்பிரிவைப் பாருங்கள். உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறீர்களோ, அதே அடிப்படையில் மன நோய்க்கும் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும். இது வேண்டுகோள் அல்ல, கட்டளை.

சரி, மன நோய் என்றால் எது? அதையும் இந்தச் சட்டமே 2-வது பிரிவில் வரையறுத்திருக்கிறது. சிந்தனை, மனநிலை, ஞாபகம் முதலியவற்றில் வரும் கடுமையான கோளாறுகளைச் சொல்லிவிட்டு, மது மற்றும் போதைப் பொருள்களின் தவறான பயன்பாட்டோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளையும் அதே வரையறைக்குள் அடக்கியிருக்கிறது. அதாவது குடிநோயும் போதைநோயும் சட்டத்தின் பார்வையில் மன நோய். மன நோய்க்குக் காப்பீடு கட்டாயம். அப்படியானால் குடிநோய்க்கும் காப்பீடு கட்டாயம். இரண்டும் இரண்டும் நான்கு!

இந்த எளிய கணக்கு ஆணையத்திற்குத் தெரியாதா? தெரியும். சட்டம் அமலான மூன்றாம் மாதத்திலேயே, 2018 ஆகஸ்ட் 16 அன்று, 21(4)-ஐ உடனே நடைமுறைப்படுத்துங்கள் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் என்ன செய்தது? ஒரு பட்டியலில் 'மன நோயை விலக்கக் கூடாது' என்று எழுதியது. அதே ஆவணத்தின் இன்னொரு பட்டியலில் 'மது, போதை அடிமைச் சிகிச்சையை விலக்கலாம்' என்று எழுதி 12 என்று எண்ணும் கொடுத்தது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கிக் கொண்டார்கள். 2022 அக்டோபரில், எல்லா பாலிசிகளும் மன நோய்க்கு இடம் தர வேண்டும் என்று மீண்டும் ஒரு கெடு விதித்தார்கள். 2024-ல் பழைய சுற்றறிக்கைகளைத் திரட்டிப் புதிதாக ஒன்று வெளியிட்டார்கள். இத்தனை நடந்தும் 12-ம் எண் விலக்கு பாலிசிகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பெரிதா, ஓர் ஆணையத்தின் சுற்றறிக்கை பெரிதா? இந்தச் சட்டத்தின் 120-வது பிரிவு, இதற்கு முரணாக வேறு சட்டத்தில் என்ன இருந்தாலும் இதுவே மேலோங்கி நிற்கும் என்கிறது. வேறு சட்டமே நிற்க முடியாத இடத்தில் சுற்றறிக்கை எப்படி நிற்கிறது?

டெல்லி உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஒரு தீர்ப்பளித்தது. மன நோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் மறுத்தது. சட்டம் அமலான நாளிலிருந்தே காப்பீடு கொடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. கம்பெனிகளைக் கண்காணிக்க வேண்டியது ஆணையத்தின் கடமை என்றும் இடித்துரைத்தது. அது மது, போதை பற்றிய வழக்கு அல்ல என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கே திறந்த கதவு இதற்கும் பொருந்தும். அதற்குள் நுழைய ஒரு வழக்கு வேண்டும். நம் சமுதாயத்தில் வக்கீல்களுக்குப் பஞ்சமா?

அமெரிக்காவைப் பாருங்கள். காப்பீட்டுக் கம்பெனிகளின் சொர்க்கம் என்று பெயரெடுத்த நாடு அது. அங்கே கூட 2008-ல் ஒரு சட்டம் வந்தது. மன நோய்க்கும் போதைச் சிகிச்சைக்கும் இடம் தரும் பாலிசியில், உடல் நோய்க்கு இல்லாத கெடுபிடியை இவற்றுக்கு மட்டும் போடக் கூடாது என்றது. 2010-ல் வந்த சட்டம், தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் வாங்கும் பாலிசிகளில் போதைச் சிகிச்சையை அடிப்படைப் பலன்களில் ஒன்றாகவே ஆக்கிவிட்டது. முதலாளித்துவ நாட்டுக்கு இருக்கும் இந்தக் கருணை, மதுவிலக்கைக் கொள்கையாக அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவில் எழுதி வைத்திருக்கும் நாட்டுக்கு ஏன் இல்லை?

"தானே தேடிக் கொண்ட நோய்"

கம்பெனிக்காரர்களின் வாதம் இது. நம்மில் சிலரும் இதற்குத் தலையாட்டுவார்கள். வாரம் ஏழு நாளும் பரோட்டாவும் பிரியாணியும் தின்று, நடக்க வேண்டிய தூரத்திற்கும் ஸ்கூட்டரில் போய், சர்க்கரையையும் இருதய அடைப்பையும் தேடிக் கொள்கிறோமே, அது யார் தேடிக் கொண்டது? அதற்கு ஸ்டெண்ட் வைக்க லட்சக்கணக்கில் கொடுக்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் மண்டை உடைந்தவனுக்கும் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கிறது. போதை நோயாளி மட்டும் தீண்டத்தகாதவனா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் வண்டிச் சேதத்திற்குப் பணம் கிடையாது என்பது வேறு விஷயம். அதை நாம் எதிர்க்கவில்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் பெர்ல் பீவரேஜஸ் வழக்கில் அந்த நிபந்தனையை உறுதி செய்தது சரியே. சங்ககிரி, நாமக்கல் லாரி முதலாளிகள் அதைத் தங்கள் டிரைவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். குற்றத்திற்குத் தண்டனை இருக்கட்டும். நோய்க்கு மருந்தை ஏன் நிறுத்துகிறீர்கள் என்பதே நம் கேள்வி. அந்த டிரைவருக்கு முன்பே சிகிச்சை கிடைத்திருந்தால் வண்டியும் கவிழ்ந்திருக்காது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான ஆய்வு என்ன சொல்கிறது? மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மீதி 179 பேர்? இவர்களில் பலர் இன்னும் சில வருடத்தில் ஈரல் கெட்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். அங்கேயும் 12-ம் எண் காத்திருக்கும். அதிலிருக்கும் 'பின்விளைவுகள்' என்ற சொல்தான் உள்ளதிலேயே கொடிய சொல். ஈரல், கணையம், வலிப்பு என்று எதையும் அந்த ஒரு சொல்லுக்குள் இழுத்துப் போடலாம். குடிக்காதவனையும் சேர்த்துத்தான்! கொழுப்பு படிந்தும், ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் ஈரல் கெடும். அவசரத்தில் கேஸ் ஷீட்டில் 'எப்போதாவது மது' என்று எவரோ ஒரு வரி எழுதிவிட்டால், வாழ்நாளில் தொடாத மனிதருக்கும் கம்பெனியிலிருந்து மறுப்புக் கடிதம் வந்து நிற்கும்.

இன்னும் இரண்டு பொறிகள்

12-ம் எண்ணை நாளைக்கே எடுத்துவிட்டாலும் தொல்லை தீராது. 5-ம் எண்ணில் 'ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வுச் சிகிச்சை'க்கு விலக்கு இருக்கிறது. போதைச் சிகிச்சையின் பெரும்பகுதியே மறுவாழ்வுதானே? உடம்பிலிருந்து நஞ்சை இறக்கப் பத்து நாள் போதும். மனதிலிருந்து இறக்க மாதக்கணக்கு ஆகும். அதோடு, ஆஸ்பத்திரி என்பதற்குப் பாலிசி ஒரு இலக்கணம் வைத்திருக்கிறது. இத்தனை படுக்கை, 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், கூடவே முழு வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டர் வேண்டுமாம். போதை மீட்பு மையத்தில் ஆபரேஷன் தியேட்டர் எதற்கு? குடியை அறுத்து எடுக்கவா?

அரசுத் திட்டங்களின் நிலை என்ன? 2012 ஜனவரி முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்த பிறகு குடும்பத்திற்கு வருடம் 5 லட்சம் வரை தருகிறது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆயுஷ்மான் பாரத்தின் சிகிச்சைப் பட்டியலில் 'போதைப் பொருளால் வரும் மனநலக் கோளாறு' என்று ஒரு தலைப்பே உண்டு. அதே திட்டத்தில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற விளக்கத்தில் 'போதை மறுவாழ்வு' என்றும் இருக்கிறது. பாம்பும் சாகக் கூடாது, தடியும் ஒடியக் கூடாது. அட்டை வைத்திருப்பவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

நடுத்தர வியாபாரி எங்கே போவான்? செவ்வாய்ப்பேட்டையில் சின்ன மண்டி, லீ பஜாரில் ஒரு கடை என்று வைத்திருப்பவனுக்கு வருமான வரம்பு தாண்டிவிடும். அரசு அட்டை கிடையாது. தனியார் பாலிசியில் 12-ம் எண். அவனுக்கு இரண்டு பக்கமும் கதவடைப்புதான்.

பூட்டி வைப்பது வைத்தியம் அல்ல

2001 ஆகஸ்ட் 6-ஐ நம் சமுதாயம் மறக்கலாமா? ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 உயிர்கள் ஓட வழியின்றிக் கருகின. அந்தச் சாம்பலின் மேல்தான் இன்றைய சட்டம் எழுந்து நிற்கிறது. எந்த விதத்திலும் நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 95-வது பிரிவு தடை செய்கிறது. மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் வாசலோடு திரும்புங்கள். பதிவில்லாத மையத்தின் பில்லுக்கு எந்த ஆம்பட்ஸ்மேனும் உதவ முடியாது என்பது ஒரு பக்கம். பிள்ளையின் உயிர் மறுபக்கம். தாயத்துக் கட்டி விட்டாலே மாத்திரைப் பழக்கம் போய்விடும் என்று காசு பறிப்பவர்களையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறோம்.

போலீஸுக்குப் பயந்து டாக்டரிடம் போகாத வாலிபர்களுக்கு ஒரு செய்தி. 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறு அளவு வைத்திருந்து அல்லது உபயோகித்துச் சிக்கிய அடிமை, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முடிக்காமல் பாதியில் ஓடினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

காசில்லாதவர்களுக்குச் சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு திறந்திருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும், 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும் இலவசம். பெயர் சொல்ல வெட்கப்படுபவர்கள் முதலில் இங்கே பேசலாம்.

பாலிசிக்காரர்கள் செய்ய வேண்டியது

முதலாவது, பொய் எழுதாதீர்கள்! ஏஜெண்ட் நீட்டும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போவது நம் பழக்கம். அவர் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று நிரப்பி விடுவார். 2013-ல் எல்.ஐ.சி.யின் ஜீவன் ஆரோக்யா பாலிசி எடுத்த ஒருவர் குடிப்பழக்கத்தை மறைத்திருந்தார். அடுத்த ஆண்டே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மனைவி தொடுத்த வழக்கில் கீழ்மட்ட நுகர்வோர் ஆணையங்கள் பணம் கொடுக்கச் சொல்லின. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறைத்தது தவறு என்று சொல்லிக் கம்பெனியின் மறுப்பை ஏற்றுக் கொண்டது. ஏற்கெனவே கொடுத்த பணத்தை விதவையிடம் திரும்ப வாங்க வேண்டாம் என்று மட்டும் இரக்கம் காட்டியது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், நகல் வைத்துக் கொள்ளுங்கள். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய 'மறைத்தாய்' என்று கம்பெனி தகராறு செய்ய முடியாது என்பது 2024 முதல் விதி. ஆனால் அந்த விதி 12-ம் எண்ணை அழித்துவிடாது. இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உண்மையை மாற்றி எழுதச் சொல்லக் கூடாது. அது ஹராம், சட்டப்படி மோசடியும் கூட. மறுப்பு வந்தால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. குடிக்கவில்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. மன நோய் என்று டாக்டர் எழுதியிருந்தால் 21(4)-ஐ மேற்கோள் காட்டிக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டிடத்தில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். 50 லட்சம் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அல்லது இரண்டு ஆண்டுக்குள் சேலம், நாமக்கல் நுகர்வோர் ஆணையங்களுக்குப் போகலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கும் மனுக் கட்டணம் இல்லை.

வியாபாரிகளுக்குத் தனியாக ஒன்று. தனி பாலிசியில் கம்பெனி அச்சடித்ததுதான் வேதம். குழு பாலிசியில் பேரம் பேச இடமுண்டு. காப்பீட்டுக்காகவே கூட்டம் சேர்ப்பதை விதி அனுமதிக்காது. ஆனால் மண்டி வியாபாரிகள் சங்கம், லாரி உரிமையாளர் சங்கம், வெள்ளிக் கொலுசு உற்பத்தியாளர் சங்கம் என்று ஏற்கெனவே இருக்கும் சங்கங்கள் உறுப்பினர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்துக் குழு பாலிசி கேட்கலாம். கேட்கும்போது முதல் வரியிலேயே எழுதுங்கள்: 12-ம் எண் விலக்கை எடுக்க எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்று. கம்பெனி ஒரு தொகை சொல்லும், நாம் குறைத்துக் கேட்போம். பேரம் பேசுவதை நமக்கு எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை! 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குழு பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. இந்தப் பாரபட்சத்தையும் சங்கங்கள் தட்டிக் கேட்க வேண்டும்.

காப்பீடே கூடுமா கூடாதா என்று உலமாக்களிடையே பேச்சு இருப்பது நமக்குத் தெரியும். அவரவர் நம்பும் ஆலிமிடம் அதைக் கேட்டுக் கொள்ளட்டும். வரிப்பணத்தில் அரசு நடத்தும் திட்டத்தில் நம் பங்கைக் கேட்பதற்கு அந்தப் பேச்சு தடையில்லை.

அரசிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். காப்பீட்டு ஆணையம் 12-ம் எண்ணிலிருந்து சிகிச்சையை நீக்கட்டும். 'பின்விளைவுகள்' என்ற சொல்லை அடியோடு எடுக்கட்டும். பதிவு பெற்ற மீட்பு மையத்திற்கு ஆபரேஷன் தியேட்டர் நிபந்தனையைத் தளர்த்தட்டும். தமிழக அரசு டாஸ்மாக் வருமானத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாயை எடுத்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போதை மீட்பையும் அதன் பிந்தைய மறுவாழ்வையும் வெளிப்படையாகச் சேர்க்கட்டும். 2025-ன் தொடக்கத்தில் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் மீட்பு மையங்கள் திறந்தார்கள். வரவேற்கிறோம். அதைப் போல ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நாலு படுக்கையாவது வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் கடை திறக்க முடிந்தவர்களுக்குப் படுக்கை போட முடியாதா?

மறுப்புக் கடிதம் வந்த குடும்பங்கள் அதன் நகலை அந்தந்த ஜமாஅத் நிர்வாகிகளிடம் கொடுங்கள். பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் போதும். கம்பெனி சொன்ன காரணமும் தேதியும் தெரிந்தால் போதும். சேலம், நாமக்கல் இரு மாவட்டத்திலிருந்தும் இருபது கடிதங்கள் சேர்ந்தால், உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுவுக்கு அதுவே முதல் ஆவணம்.